கல்லும் மரமும் கலந்த கலைஞர்: இராபர்ட் சிசோமின் வாழ்வும் கட்டடங்களும்

ஒரு நாட்டின் வரலாற்றை ஓலைச்சுவடிகளிலும் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் தேடுவது நம் வழக்கம். அவற்றிற்குச் சிறிதும் குறையாத சான்றுகள் கட்டடங்கள் என்பதை நாம் பல வேளைகளில் மறந்து விடுகிறோம். ஏடு படிப்பவனுக்கு மட்டுமே பேசும். கட்டடமோ படித்தவனுக்கும் படியாதவனுக்கும் ஒன்றுபோலப் பேசும். ஆட்சி செய்தவர் எண்ணியது என்ன, உழைத்தவர் கைக்கு எட்டியது என்ன, அந்நாளில் மக்கள் எதை அழகு என்று மதித்தனர் என்னும் மூன்று வினாக்களுக்கும் ஒரு பழைய சுவர் விடை சொல்லும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் இப்புறம் வாழும் நமக்கு இந்த உண்மை பிறரினும் நெருக்கமானது. இன்று நாம் கேரள மாநிலத்தார். ஆயினும் 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்படும் வரை பாலக்காடு, மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னையின் ஆட்சியில் இருந்தது. தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகளோ திருவிதாங்கூர் மன்னரின் நாட்டில் இருந்தன. ஆகவே பாலக்காட்டு உழவன் செலுத்திய நிலவரியின் கணக்குச் சேப்பாக்கத்து வருவாய் வாரியத்தை அடைந்தது. 1866-இல் பள்ளியாகத் தோன்றி 1888-இல் கல்லூரியாக உயர்ந்த பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பயின்ற மாணவன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வை எழுதினான். மலையில் வாழ்ந்தவன் தன் நாட்டின் தலைநகரைக் காணத் திருவனந்தபுரம் சென்றால், அங்கே சிவந்த செங்கல்லில் எழுந்த புதுமையான பொருட்காட்சி சாலையை வியந்து நின்றான்.

இம்மூன்று இடங்களையும் இணைக்கும் பெயர் ஒன்று உண்டு. சேப்பாக்கத்து அலுவலகத்திற்குப் புதுமுகம் தந்தவரும், பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை எழுப்பியவரும், திருவனந்தபுரத்து நேப்பியர் பொருட்காட்சி சாலையை வடித்தவரும் ஒருவரே. அவர் இராபர்ட் பெலோஸ் சிசோம். அவருடைய கட்டடங்களின் நிழலில் நம் முன்னோர் நடந்தனர். ஆனால் அவர் பெயரை அறிந்தவர் நம்முள் மிகச் சிலரே. அவருடைய வாழ்வையும் பணியையும் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போட்டியில் வென்ற இளைஞர்

சிசோம் 1840-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் மாநகரில் பிறந்தார். இளமையிலேயே இந்தியாவிற்கு வந்து, வங்காளத்தில் பொதுப்பணித்துறையில் பணியாற்றினார். அவர் வந்த காலம் ஒரு திருப்புமுனைக் காலம். 1857-இல் நிகழ்ந்த பெருங்கிளர்ச்சிக்குப் பின் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆட்சி நீங்கி, விக்டோரியா அரசியாரின் நேர் ஆட்சி ஏற்பட்டிருந்தது. அதே 1857-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. 1862-இல் சென்னையையும் மேலைக் கடற்கரையிலுள்ள பேப்பூரையும் இருப்புப்பாதை இணைத்தது. பாலக்காட்டுக் கணவாயின் வழியே புகைவண்டி ஓடத் தொடங்கியது. புதிய அரசுக்குப் புதிய அலுவலகங்களும், கல்லூரிகளும், அஞ்சல் நிலையங்களும், மருத்துவமனைகளும் தேவைப்பட்டன. அவற்றை எந்த வடிவில் கட்டுவது என்பது அக்காலத்தின் பெரிய கேள்வியாயிற்று.

1864-ஆம் ஆண்டு சென்னை அரசு, மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்திற்கும் உரிய வரைபடங்களைப் போட்டி முறையில் கேட்டது. பரிசு 3,000 ரூபாய். அப்போட்டியில் வென்றவர் 24 அகவை நிரம்பிய சிசோம். அவ்வெற்றி அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தது. சில ஆண்டுகளில் அவர் சென்னை அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞர் என்னும் பொறுப்பை ஏற்றார்.

கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரி 1870-இல் நிறைவெய்தியது. இக்கட்டடத்தில் நம் நாட்டுச் சாயலை மிகுதியாகக் காண இயலாது. இத்தாலிய நாட்டு மாளிகைகளின் அமைப்பைப் பின்பற்றி, வரிசை வரிசையான வளைவுகளோடு அவர் அதனை அமைத்தார். ஐரோப்பாவில் கற்றதை இங்கே கொண்டுவந்து வைத்தார் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அச்சுவர்களுக்குள் பின்னாளில் நிகழ்ந்தவை தமிழுக்கு மிக நெருக்கமானவை. சங்க இலக்கியங்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1903 முதல் 1919 வரை அங்கே தமிழாசிரியராகப் பணியாற்றினார். அவருடைய சிலை இன்றும் அக்கல்லூரி முகப்பில் கடலை நோக்கி நிற்கிறது. இத்தாலியச் சாயலில் எழுந்த கட்டடம் தமிழ்த்தாத்தாவின் இல்லமாயிற்று. கட்டியவர் எண்ணியது ஒன்றாக இருக்கலாம். வாழ்ந்தவர் அதற்குத் தந்த பொருள் வேறு.

சேப்பாக்கத்தில் கிடைத்த பாடம்

சிசோமின் எண்ணத்தை மாற்றிய இடம் சேப்பாக்கம் அரண்மனை எனலாம். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவிற்காக 1768-இல் எழுந்தது அம்மாளிகை. அதில் கலச மகால், உமாயூன் மகால் என இரு பகுதிகள் இருந்தன. 1855-இல் கடைசி நவாபு வாரிசின்றி மறைந்ததும் கும்பெனியார் அப்பட்டத்தையே ஒழித்தனர். 1859-இல் அரண்மனை ஏலத்திற்கு வந்தது; அரசே அதனை எடுத்துக் கொண்டது. மன்னர் வாழ்ந்த கூடங்களில் வரிக்கணக்கு எழுதும் எழுத்தர்கள் அமர்ந்தனர்.

அவ்விரு மகால்களையும் அலுவலகத்திற்கு ஏற்றவாறு விரிவாக்கும் பணி சிசோமிடம் வந்தது. இங்கே இத்தாலிய வடிவத்தைக் கொண்டுவந்து ஒட்டினால் பழையதும் கெடும், புதியதும் பொருந்தாது. ஆகவே நவாபுகளின் கட்டட முறையை அவர் கூர்ந்து கற்றார். இரு மகால்களுக்கும் நடுவே உயர்ந்த கோபுரம் ஒன்றை எழுப்பினார். கடலை நோக்கி வருவாய் வாரியத்தின் கட்டடத்தைச் சேர்த்தார். சிறிய குவிமாடங்களும், கூர்முனை வளைவுகளும், பட்டை பட்டையான வண்ணக் கற்களும் கொண்ட அவ்வேலைப்பாடு, பழைய அரண்மனையோடு ஒட்டி உறவாடியது. எது பழையது, எது புதியது என்று வழிப்போக்கர் எளிதில் பிரித்தறிய இயலாத அளவிற்கு அப்பொருத்தம் அமைந்தது.

இப்பாடத்தை அவர் செனட் மண்டபத்தில் முழுமையாகப் பயன்படுத்தினார். 1864-இல் போட்டிக்கு அளித்த வரைபடத்தை அப்படியே வைத்துக் கொள்ளாமல், புதிதாகச் சிந்தித்தார். 1874-இல் தொடங்கி 1879-இல் நிறைவுற்ற அம்மண்டபத்தில் பைசாந்திய வளைவுகளும், இசுலாமியக் குவிமாடங்களும், தென்னாட்டுத் தூண்களின் சாயலும் கலந்து நிற்கின்றன. நான்கு மூலைகளிலும் எழும் கோபுரங்களும், வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும், நடுவே பரந்த பேரவைக் கூடமும் அதன் சிறப்புகள். பல்லாயிரம் பட்டதாரிகள் இங்கே பட்டம் பெற்றனர். 1937-இல் சென்னை மாகாணத்தின் சட்டமன்றமும் இம்மண்டபத்தில் கூடியது.

இவ்வளவு அழகினைப் புகழும்போது ஒன்றை நாம் மறைத்தல் ஆகாது. செனட் மண்டபம் எழுந்த அதே ஆண்டுகளில்தான், 1876 முதல் 1878 வரை, தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் நிகழ்ந்தது. பல இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். பிழைக்க வழி தேடி ஊரைத் துறந்தோர் இலங்கைக்கும், கடல்கடந்த நாடுகளுக்கும், மலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். தோட்டத்து மலைகளில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றில் இத்தகைய பஞ்சங்களின் தடம் உண்டு. ஒருபுறம் குவிமாடம் உயர்ந்தது. மறுபுறம் குடிசைகள் வெறுமையாயின. இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதே நேர்மையான வரலாறு.

ஆளுநரும் அரண்மனையும்

சிசோமுக்கு ஊக்கம் தந்தவருள் முதன்மையானவர் 1866 முதல் 1872 வரை சென்னையின் ஆளுநராக விளங்கிய நேப்பியர் பிரபு. அவர் சென்னைக்கு வருமுன் ருஷ்ய நாட்டில் பிரித்தானியத் தூதராக இருந்தவர். பல நாடுகளின் தலைநகரங்களைக் கண்ட அவருக்கு, ஒவ்வொரு நாட்டின் கட்டடமும் அந்நாட்டு மண்ணிலிருந்தே முளைக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றிருந்தது. 1870-இல் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில், இந்தியாவில் அரசு எழுப்பும் கட்டடங்கள் இந்நாட்டு மரபைத் தழுவ வேண்டும் என்றும், குறிப்பாக இசுலாமியக் கட்டட முறை அதற்கு ஏற்றது என்றும் வலியுறுத்தினார்.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சீரமைத்ததும் நேப்பியரின் காலத்துப் பணியே. 1636-இல் எழுந்த அம்மாளிகை, நாயக்கர் ஆட்சி மறைந்தபின் பேணுவாரின்றிச் சிதைந்து கிடந்தது. எஞ்சிய பகுதியேனும் காக்கப்பட வேண்டும் என்று ஆளுநர் கருதினார். அப்பணியை மேற்கொண்டவர் சிசோம். ஓங்கி நிற்கும் தூண்களையும், அவற்றின்மேல் சுதை வேலைப்பாடுகளையும், அகன்ற விதானத்தையும் அளந்து, வரைந்து, பழுது நீக்கினார். மதுரை, தேனிப் பகுதிகளிலிருந்து மலையேறி வந்த நம் குடும்பங்களுக்கு அம்மகால் அறிமுகம் தேவையற்றது. சித்திரைத் திருவிழாவிற்குச் சென்று திரும்புவோர் அதனைக் காணாமல் வருவதில்லை. இன்று நாம் காணும் மகால் இடிபாடாகப் போகாமல் தப்பியதில் சிசோமின் கைக்கும் பங்குண்டு.

திருவனந்தபுரத்தின் சிவந்த மாளிகை

இனி நமக்கு மிக அணுக்கமான கட்டடத்திற்கு வருவோம். திருவனந்தபுரத்தில் 1850-களிலேயே ஒரு பொருட்காட்சி சாலை தொடங்கப்பட்டது. அப்பழைய கட்டடம் போதாமையால் 1874-இல் அதனை இடித்துவிட்டுப் புதியது எழுப்ப முடிவு செய்தனர். அப்போது ஆயில்யம் திருநாள் மன்னர் ஆட்சி புரிந்தார். திவானாக விளங்கியவர் சேஷையா சாஸ்திரி. புதிய கட்டடத்தை வரைந்து தரும் பொறுப்பு சிசோமிடம் வந்தது. 1880-இல் பணி நிறைவுற்றது. ஆளுநரின் நினைவாக அதற்கு நேப்பியர் பொருட்காட்சி சாலை என்று பெயரிட்டனர்.

சென்னையில் நவாபுகளின் குவிமாடத்தைக் கற்ற சிசோம், இங்கே அதனைத் திணிக்கவில்லை. இது கருதத்தக்கது. கேரளம் மழை நாடு, மர நாடு. ஆண்டில் பல திங்கள் இடைவிடாது பெய்யும் மழையைத் தாங்கச் செங்குத்தாகச் சரிந்த ஓட்டுக் கூரை வேண்டும். வெப்பமும் ஈரமும் தங்காதிருக்கக் கூரையின் உச்சியில் காற்று வெளியேற வழி வேண்டும். கேரளத்துக் கோயில்களிலும் அரண்மனைகளிலும் தச்சர்கள் பல நூற்றாண்டுகளாக இதற்குத் தீர்வு கண்டிருந்தனர். கூரையின் முனையில் முக்கோணமாக முன்னுக்கு நீண்டு நிற்கும் ‘முகப்பு’ அவர்களுடைய கண்டுபிடிப்பு. மழைச்சாரலை அது தடுக்கும். மரச்சட்டங்களின் இடையே காற்றை விடும். கண்ணுக்கு அழகும் தரும்.

சிசோம் இம்முகப்பையும் சரிந்த கூரையையும் எடுத்துக் கொண்டார். அவற்றின் கீழே வண்ணச் செங்கற்களைப் பட்டை பட்டையாக அடுக்கினார். செதுக்கிய மரத் தூண்களையும் கைப்பிடிகளையும் மாடங்களையும் அமைத்தார். உள்ளே உயர்ந்த கூடத்தின் சுவர்களுக்கு வண்ணம் தீட்டினார். இயந்திரத்தின் துணையின்றியே உட்புறம் தண்மையாக இருக்கும்படி காற்றோட்டத்தை வகுத்தார். இன்றும் வெயில் மிகுந்த பங்குனி, சித்திரைத் திங்களில் அங்கே நுழைபவர் அத்தண்மையை உணர்வர். செப்புத் திருமேனிகளும், தந்த வேலைப்பாடுகளும், மரச்சிற்பங்களும், கோயில் தேரும் அங்கே காட்சிக்கு உள்ளன. காட்சிப் பொருள்களைப் போலவே, அவற்றைத் தாங்கும் மாளிகையும் ஒரு காட்சிப் பொருளே ஆகும்.

சிசோம் கேரளத்தில் கற்றதைக் கேரளத்திலேயே விட்டுவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. சென்னைக் கடற்கரைச் சாலையில் 1884-இல் திறக்கப்பட்ட தலைமை அஞ்சல் நிலையமும் அவர் வரைந்ததே. சிவந்த கல்லும் செங்கல்லும் கொண்ட அப்பெருங்கட்டடத்தின் கோபுரங்களில் திருவிதாங்கூர்க் கூரையின் சாயலை அவர் வைத்தார். மலையாள நாட்டுத் தச்சனின் கூரை சோழமண்டலக் கரையில் ஏறியது. கணவாயின் வழியே அரிசியும் துணியும் மாடுகளும் மட்டுமல்ல, கூரையின் வடிவும் பயணம் செய்யக் கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

பணியின் விரிவு

சிசோமின் உழைப்பு அளவாலும் வியக்கத்தக்கது. நீலகிரியில் லவ்டேலில் உள்ள இலாரன்சு பள்ளியின் பெருங்கட்டடமும், உதகையிலுள்ள நீலகிரி நூலகமும் அவர் வரைந்தவை. மலையின் குளிரையும் மூடுபனியையும் கருதி, அங்கே ஐரோப்பிய முறையையே பின்பற்றினார். சென்னை அண்ணா சாலையில் உள்ள பி. ஆர் அண்டு சன்சு கடிகார நிறுவனத்தின் கட்டடம் 1879-இல் அவர் கையால் உருவானது. 1877-இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்று, நம் நாட்டுக் கைவினைஞர்களின் திறனை நேரில் கண்டறிந்தார். அப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி.

சென்னை மத்திய இருப்புப்பாதை நிலையத்திற்கு அண்மையில் நிற்கும் விக்டோரியா பொதுமன்றமும் அவருடைய படைப்பே. அரசியாரின் பொன்விழா நினைவாக 1888 முதல் 1890 வரை அது கட்டப்பட்டது. கட்டி முடித்தவர் புகழ்பெற்ற ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தோற்றுவித்த சுகுண விலாச சபையின் நாடகங்கள் அம்மேடையில் அரங்கேறின. தமிழ் நாடகம் தெருவிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் மன்றத்திற்குள் நுழைந்து மதிப்புப் பெற்றதற்கு அம்மேடை துணை நின்றது. சென்னை மக்கள் அசையும் படத்தை முதன்முதலில் கண்டதும் அங்கேதான் என்பர்.

1880-களில் சிசோமின் பணிக்களம் பரோடாவிற்கு மாறியது. அங்கே மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாடு மன்னருக்காக இலட்சுமி விலாச அரண்மனையைத் தொடங்கியிருந்தவர் சார்லசு மாண்ட் என்னும் படைப்பொறியாளர். தம் கணக்கு தவறிவிட்டதோ, அரண்மனை சரிந்துவிடுமோ என்னும் அச்சம் அவரை வாட்டியதாகச் சொல்வர். 1881-இல் அவர் மறைந்தார். பாதியில் நின்ற பணியைச் சிசோம் ஏற்று 1890-இல் நிறைவேற்றினார். அரண்மனை சரியவில்லை, இன்றும் உறுதியாக நிற்கிறது. பரோடாக் கல்லூரிக்கு அவர் அமைத்த மாபெரும் குவிமாடம், பீசப்பூரின் கோல்கும்பசை நினைவூட்டும். அக்கல்லூரியைப் பற்றியும் இந்தியக் குவிமாடங்களின் கட்டுமானத்தைப் பற்றியும் 1883-ஆம் ஆண்டளவில் இலண்டன் கட்டடக் கலைஞர் கழகத்தில் அவர் கட்டுரை படித்தார்.

இங்கே ஓர் ஒற்றுமையைக் காணலாம். கும்பகோணத்தில் பிறந்து, சென்னையில் பயின்று, திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ், பின்னர் 1875 முதல் 1882 வரை பரோடாவின் திவானாக இருந்தார். ஆட்சியாளர் ஒருவரும் கட்டடக் கலைஞர் ஒருவரும் சென்னை, திருவிதாங்கூர், பரோடா என்னும் ஒரே வழியில் நடந்துள்ளனர். தொழில் அறிந்தவர்க்கு அக்காலத்தில் எல்லைகள் தடையாக இல்லை.

முதுமையில் சிசோம் தாய்நாடு திரும்பினார். இலண்டனில் சுலோன் தெருவுக்கு அண்மையில் கிறித்தவ அறிவியல் சபையாருக்காக அவர் வரைந்த தேவாலயம் 1907-இல் நிறைவெய்தியது. இந்தியாவில் அவர் விரும்பிப் பயன்படுத்திய பைசாந்தியச் சாயலை அங்கும் காணலாம். 1915-ஆம் ஆண்டு மே திங்களில் அவர் மறைந்தார். அத்தேவாலயம் 2004 முதல் கடோகன் மன்றம் என்னும் பெயரில் இசையரங்காக விளங்குகிறது.

கருங்கடற்கரையில் ஓர் உடன்காலத்தவர்

சிசோமின் காலத்தில் உலகின் பிற பகுதிகளிலும் இத்தகைய நகரக் கட்டடக் கலைஞர்கள் தோன்றினர். ருஷ்யப் பேரரசின் தென்பகுதியில் வாழ்ந்த அலெக்சாந்தர் பெர்னார்தாசியை இங்கே நினைவு கூரலாம். 1831-இல் பிறந்த அவர், சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய கட்டடக் கலைஞர் குடும்பத்தின் வழிவந்தவர். 1856 முதல் 1878 வரை கிஷினேவ் நகரின் கட்டடக் கலைஞராகவும், பின்னர் ஒடேசா நகரின் கட்டடக் கலைஞராகவும் பணியாற்றித் தேவாலயங்கள், பள்ளிகள், மாளிகைகள் எனப் பலவற்றை எழுப்பினார். 1907-இல் மறைந்தார். அந்நகரங்கள் இன்று முறையே மால்டோவாவிலும் உக்ரைனிலும் உள்ளன. பேரரசு மறைந்தது, எல்லைகள் மாறின, கொடிகள் மாறின. அவர் ஒடேசாவில் வணிகர்களுக்காகக் கட்டிய பங்குச்சந்தை மாளிகை, பின்னாளில் இசைக்குழுவின் அரங்காயிற்று.

குடியேறியவர் வழித்தோன்றல் ஒருவர் வந்த நாட்டின் நகரங்களுக்கு முகம் கொடுத்தார். பேரரசின் பணியாளர் ஒருவர் பிறர் நாட்டின் கூரையைக் கற்றுக் கொண்டார். இருவரையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. கட்டடத்திற்கு ஆணையிட்ட அரசு நிலையாது. அதில் புழங்கும் மக்களே அதன் நிலையான உரிமையாளர்.

கட்டியவர் யார்?

இங்கே ஒரு வினா எழுகிறது. இக்கட்டடங்களை நாம் நம்முடையவை என்று சொல்லலாமா? அறிஞர் சிலர் இதனை மறுப்பர். இந்தியச் சாயலில் கட்டியது நம்மீதுள்ள அன்பினால் அன்று. முகலாயருக்கும் நவாபுகளுக்கும் பின் தாமே உரிமையாளர் என்று காட்டிக்கொள்ள ஆங்கில ஆட்சி அணிந்த போர்வையே அது என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. சேப்பாக்கத்தில் நவாபின் இல்லத்தை ஏலத்தில் எடுத்து, அவருடைய வளைவுகளையே நகலெடுத்து, அதற்குள் வரி வாங்கும் அலுவலகத்தை வைத்தது அந்த ஆட்சியின் இயல்பைக் காட்டுகிறது.

ஆயினும் இன்னொரு பக்கத்தையும் நோக்க வேண்டும். சிசோம் வரைந்தது தாளில். தாளை மாளிகையாக்கியவர் யாவர்? செங்கல் அறுத்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், சாரம் கட்டியவர், கல் தட்டியவர், மரம் இழைத்தவர் அனைவரும் இம்மண்ணின் மக்கள். சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, பளிங்குபோல் மின்னும் சாந்தாக்கும் கலை சென்னைக் கொத்தனார்களுடையது. முகப்பின் மரச்சட்டங்களைப் பொருத்தும் கலை திருவிதாங்கூர் ஆசாரிமார்களுடையது. இந்நாட்டுக் கைவினைஞரின் அறிவை மதித்துப் பயன்படுத்த வேண்டும் என்பதே சிசோமின் கொள்கையாகவும் இருந்தது. அவருடைய பெருமை, தாம் அறியாததை அறிந்தவரிடம் கற்றதில் உள்ளது.

நம் மரபில் மனை வகுப்போர்க்கு உயர்ந்த இடம் உண்டு. நண்பகல் நிழலால் திசை அறிந்து, கயிறிட்டு அளந்து, தெய்வம் வாழ்த்தி அரண்மனையை வகுத்த அறிஞர்களைப் பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை விரிவாகக் காட்டுகிறது. மலையாள மரபிலும் அவ்வாறே. பாலக்காடு மாவட்டத்தின் திருத்தாலைப் பகுதியில் வழங்கும் பன்னிரு குலத்துக் கதையில், பெருந்தச்சன் என்னும் தச்சனின் பெயர் குழந்தைகளுக்கும் தெரியும். கதை அவனை மறக்கவில்லை. ஆனால் அரசுக் கோப்புகளின் வழியே வரும் வரலாற்றில் சிசோமின் பெயரும், நம்பெருமாள் செட்டியாரைப் போன்ற ஒருசிலரின் பெயரும் நிற்கின்றன. நேப்பியர் பொருட்காட்சி சாலையின் மரத்தூண்களைச் செதுக்கிய கைகளின் பெயர்கள் அவற்றோடு சேர்ந்து வரவில்லை. பாட்டும் கதையும் நினைவில் வைத்ததைக் கோப்பு கைவிட்டது.

காப்பதும் ஒரு கலை

கட்டுதற்கு ஒரு தலைமுறை போதும். காப்பதற்குப் பல தலைமுறை வேண்டும். சிசோமின் கட்டடங்களும் இடர்களுக்குத் தப்பவில்லை. சென்னைத் தலைமை அஞ்சல் நிலையம் 2000-இல் தீவிபத்திற்கு உள்ளாயிற்று. சேப்பாக்கத்துக் கலச மகாலை 2012 சனவரியில் பெருந்தீ சூழ்ந்தது. தீயணைக்கச் சென்ற அலுவலர் ஒருவர் உயிர் ஈந்தார். அதன்பின் பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்தைக் கொண்டே கலச மகால் புதுப்பிக்கப்பட்டது. அப்பணியின்போது, மறைந்து போகும் நிலையிலிருந்த சாந்து அரைக்கும் முறைகளை மீண்டும் தேடிக் கற்க வேண்டியிருந்தது. சிமெண்டுப் பூச்சு பழைய சுவரை மூச்சடைக்கச் செய்யும் என்பதும், சுண்ணாம்பே அச்சுவரின் ஈரத்தை வெளியேற்றும் என்பதும் இன்று யாவரும் ஏற்கும் உண்மை. ஒரு கட்டடத்தைக் காப்பது, அதைக் கட்டிய அறிவைக் காப்பதும் ஆகும்.

இக்கருத்து நம் வாழ்விற்கும் பொருந்தும். கல்பாத்தியின் அக்கிரகாரத்தில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் திண்ணை வீடுகளையும், சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளின் பழைய உழவர் இல்லங்களையும், மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் வரிசையாய் நிற்கும் லயங்களையும், மலைமேல் நம்மவர் எழுப்பிய சிறிய மாரியம்மன் கோயில்களையும் கட்டியவர் யாவர்? அவர்கள் பெயரைக் கேட்டால் நம்மில் பலர் விடையின்றி நிற்போம். பாட்டனார் ஒருவர் கல் சுமந்தார் என்று ஒரு வீட்டில் சொல்வர். மாமனார் ஒருவர் கூரைக்கு மரம் இழைத்தார் என்று இன்னொரு வீட்டில் சொல்வர். அச்சொற்கள் சொன்னவரோடு மறைந்து வருகின்றன. பழைய ஓட்டு வீடு இடிக்கப்பட்டுத் தளவீடு எழும் இந்நாளில், சுவரும் போகிறது. அச்சுவரின் கதையும் போகிறது.

இரு மொழிகளுக்கு நடுவே வாழும் நமக்குச் சிசோமின் பணி ஓர் ஆறுதலும் அறிவுரையும் ஆகும். வந்த இடத்தின் கூரையைக் கற்றால் நம் கை தாழ்ந்துவிடாது. கற்றதைத் தாய்மண்ணுக்கு எடுத்துச் சென்றால் அதுவும் வளம் பெறும். மலையாளத்தின் முகப்பும் தமிழகத்தின் தூணும் ஒரே சிந்தையில் இடம்பெற முடியும் என்பதை அவருடைய கட்டடங்கள் காட்டுகின்றன. நம் பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியும் பேசுவதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. இரண்டையும் செம்மையாகக் கற்கச் செய்வதே நம் கடமை.

ஆகவே, திருவனந்தபுரம் செல்லும் பெற்றோர் தம் பிள்ளைகளை நேப்பியர் பொருட்காட்சி சாலைக்கு அழைத்துச் செல்க. உள்ளிருக்கும் பொருள்களைக் காட்டுவதோடு நில்லாமல், தலை நிமிர்ந்து கூரையையும் காணச் செய்க. வரைந்தவர் பெயரைச் சொல்லுக; செதுக்கியவர் பெயர் நமக்கு எட்டவில்லை என்பதையும் சொல்லுக. ஊர் திரும்பியதும், தம் வீட்டையும் தம் தெருக் கோயிலையும் தம் பள்ளியையும் கட்டியவர் யாவர் என்று முதியோரிடம் கேட்டு எழுதச் செய்க. மன்னரும் ஆளுநரும் தம் பெயரைக் கல்லில் பொறித்துக் கொண்டனர். உழைத்தவர் பெயரை ஏட்டில் பொறிக்கும் பணி நம்மிடம் விடப்பட்டுள்ளது. அதனைச் செய்தோமாயின், மலைக்கு இப்பால் வாழும் தமிழரின் வரலாறும் ஒருநாள் உறுதியான கட்டடமாக எழுந்து நிற்கும்.